கலக்கும் வேகமும் பூஞ்சணத்தின் விளைச்சலும்

மழைக்காலத்தில் தோற்செருப்பின்மீதும் பழைய ரொட்டியின்மீதும் படரும் பூஞ்சணத்தை நாம் அருவருப்புடன் துடைத்து எறிகிறோம். ஆயினும் அதே இனத்தைச் சேர்ந்த சில பூஞ்சணங்கள் வீட்டளவு உயரமுள்ள எஃகுக் கலங்களில் கண்ணுங் கருத்துமாக வளர்க்கப்பெறுகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்ஸைம், ரொட்டி மாவைப் பக்குவப்படுத்தும் என்ஸைம், பருத்தித் துணியின் மேற்பரப்பை மழமழப்பாக்கும் என்ஸைம், பாலாடைக்கட்டிக்கெனப் பாலை உறையச் செய்யும் என்ஸைம் ஆகியவற்றுள் பல இவ்வாறு வளரும் பூஞ்சணங்களினின்றே கிடைக்கின்றன. இவ்வென்ஸைம்கள் யாவும் புரதங்களே. பூஞ்சணம் தன் உணவைச் செரித்துக்கொள்ளும் பொருட்டு இப்புரதங்களைத் தன் உடலுக்கு வெளியே சுரக்கிறது. அச்சுரப்பையே நாம் வடித்தெடுத்துப் பயன்படுத்துகிறோம்.

இத்தொழிலில் ஈடுபட்டோர் நெடுநாளாக ஒரு வினாவிற்கு விடை தேடி வந்துள்ளனர். கலத்திலுள்ள குழம்பை எவ்வளவு வேகமாகக் கலக்கவேண்டும்? மெல்லக் கலக்கினால் பூஞ்சணம் மூச்சுத் திணறுகிறது. வேகமாகக் கலக்கினால் அதன் மெல்லிய இழைகள் அறுபடுகின்றன. மின்சாரச் செலவோ வேகத்தைக் காட்டிலும் மிக விரைவாக ஏறுகிறது. இம்மூன்றிற்கும் இடையே தக்க வழி காண்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சீசாவிலிருந்து கலத்திற்கு

பூஞ்சணத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்கள் முதலில் அதை ஈரமான பொருள்களின் மேற்பரப்பிலேயே வளர்த்தனர். ஜப்பானிய விஞ்ஞானியான ஜோகிச்சி தகாமினே கோதுமைத் தவிட்டின்மீது ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைஸே என்னும் பூஞ்சணத்தை வளர்த்து, மாவுச்சத்தைச் செரிக்கும் என்ஸைமை எடுத்தார். அம்முறைக்கு 1894-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. தவிட்டின்மீது வளரும் பூஞ்சணத்திற்குக் காற்று எளிதிற் கிடைக்கும். ஆகவே கலக்கவேண்டிய தேவை எழவில்லை.

பெனிசிலின் மருந்தே நிலைமையை மாற்றியது. ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி முதலியோர் 1940-ஆம் ஆண்டையொட்டிப் பெனிசிலியம் பூஞ்சணத்தைப் பாற்சீசாக்களிலும், படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்கென மருத்துவமனைகளில் வைத்திருக்கும் தட்டைக் கலங்களிலும் வளர்த்தனர். திரவத்தின்மீது ஆடைபோற் படர்ந்த பூஞ்சணம் மிகச் சிறிதளவே மருந்தைத் தந்தது. 1941 பிப்ரவரியில் அம்மருந்தைப் பெற்ற காவலர் ஒருவர் முதலில் தேறினார். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைத் திரும்ப எடுத்துச் செலுத்தியும் கையிருப்பு தீர்ந்துபோயிற்று. நோய் மீண்டும் முற்றி, அடுத்த மாதம் அவர் இறந்தார். மருந்து பயனளிக்கும் என்பதில் ஐயம் இல்லை. அதைப் போதிய அளவில் உண்டாக்கும் வழிதான் இல்லை.

அவ்வாண்டே ஃபுளோரியும் ஹீட்லியும் அமெரிக்காவின் பியோரியா நகரிலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தை நாடினர். அங்கே பூஞ்சணத்தைத் திரவத்தின் மேற்பரப்பில் அன்றித் திரவத்தினுள்ளேயே அமிழ்த்தி வளர்க்கும் முறை சீர்செய்யப்பெற்றது. 1944 மார்ச்சு 1-ஆம் நாள் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 14 பெருங் கலங்களுடன் ஃபைசர் ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஒவ்வொரு கலமும் 7,500 அமெரிக்கக் காலன், அதாவது ஏறத்தாழ 28,000 லிட்டர் கொள்ளளவுடையது. அமிழ்ந்து வளரும் பூஞ்சணத்திற்கு மேலிருக்கும் காற்று எட்டாது. ஆதலின் தூய காற்றை அடியிலிருந்து செலுத்தி, இடைவிடாமற் கலக்கவேண்டியதாயிற்று.

பிராணவாயுக் கணக்கு

கலக்குவது சர்க்கரையைக் கரைப்பதற்காக அன்று, பிராணவாயுவைக் கரைப்பதற்காகவே. ஒரு லிட்டர் நீரில் சர்க்கரையை நூற்றுக்கணக்கான கிராம் கரைக்கலாம். ஆனால் 30 பாகை வெப்பத்தில், காற்றுடன் தொடர்புடைய ஒரு லிட்டர் நீரில் கரையும் பிராணவாயு ஏறக்குறைய 7.5 மில்லிகிராமே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் குழம்பில் 20 கிராம் குளூக்கோஸ் இருப்பதாகவும், அதிற் பாதி பூஞ்சணத்தின் உடலாக மாறி, மற்றப் பாதி சுவாசத்தில் எரிவதாகவும் கொள்வோம். 180 கிராம் குளூக்கோஸ் முற்றும் எரிய 192 கிராம் பிராணவாயு வேண்டும். எனவே 10 கிராமிற்கு ஏறக்குறைய 10.7 கிராம் தேவைப்படும். ஒரு வேளையிற் கரைந்திருக்கக்கூடியதோ 7.5 மில்லிகிராம். அப்படியாயின் கரைந்துள்ள பிராணவாயுவை ஏறத்தாழ 1,400 முறை தீர்த்துத் தீர்த்து மீண்டும் நிரப்பவேண்டும். வளர்ச்சி இரண்டு நாளில் முடிவதானால், சராசரியாக இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை திரவம் முழுவதிலும் பிராணவாயு புதுப்பிக்கப்படல் வேண்டும்.

காற்றுக் குமிழியின் மேற்பரப்பின் வழியாகவே பிராணவாயு திரவத்தினுட் புகுகிறது. ஆகவே அம்மேற்பரப்பைப் பெருக்கவேண்டும். ஒரு லிட்டர் காற்று 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழிகளாகப் பிரிந்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 1.2 சதுர மீட்டர். அதே காற்று 1 மில்லிமீட்டர்க் குமிழிகளாகப் பிரிந்தால் 6 சதுர மீட்டர். பெரிய குமிழி விரைந்து மேலெழுந்து வெளியேறிவிடும். சிறு குமிழியோ நெடுநேரம் திரவத்தினுள் தங்கும். குமிழிகளை உடைப்பதும், அவற்றைக் கலமெங்கும் பரப்புவதும் கலக்கியின் தலையாய தொழில்களாம்.

பொதுவாக நொதிக்கலம் என்பது நெடிய உருளை வடிவான எஃகுப் பாத்திரம். நடுவே ஒரு தண்டு சுழலும். தண்டில் வட்டத் தகடுகள் பொருத்தப்பட்டு, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஆறு தட்டையான அலகுகள் நிற்கும். இதற்கு ரஷ்டன் கலக்கி என்று பெயர். கலத்தின் உட்சுவரில் செங்குத்தாக நிற்கும் தடுப்புப் பட்டைகள், திரவம் முழுவதும் ஒரே சுழலாகச் சுற்றாதபடி தடுக்கின்றன. அடியிலுள்ள துளைக்குழாயிலிருந்து வரும் காற்றை அலகுகள் அடித்து நொறுக்குகின்றன. காற்று அளவுக்கு மிஞ்சினால் கலக்கி காற்றுப் பொதிக்குள் மூழ்கி வீணே சுழலும். அந்நிலையில் குமிழி உடைவதும் இல்லை. திரவம் கலங்குவதும் இல்லை.

இழையும் உருண்டையும்

ஈஸ்ட்டையும் பாக்டீரியாக்களையும் கலக்குவதில் இவ்வளவு இடர்ப்பாடு இல்லை. அவை தனித்தனி அணுக்களாக மிதக்கின்றன; குழம்பு நீர்போலவே ஓடும். பூஞ்சணமோ நீண்ட இழைகளாக வளர்கிறது. ஓர் இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் அதிற் சில கூறுகளே. இழை நுனியில் நீள்கிறது, பக்கத்திற் கிளைக்கிறது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. புரதம் பெரும்பாலும் வளரும் நுனிகளின் வழியே சுரக்கப்படுகிறது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

அமிழ்ந்து வளரும் பூஞ்சணம் இருவகை உருவம் கொள்ளும். இழைகள் விரிந்து பரந்து கூழ்போன்ற குழம்பாவது ஒன்று. இழைகள் தம்முள் இறுகிச் சிறு உருண்டைகளாவது மற்றொன்று. உருண்டைகள் மிதக்கும் குழம்பு நீர்போல் எளிதில் ஓடும், கலக்குவதும் எளிது. ஆனால் பிராணவாயு உருண்டையின் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரிற் சிறு பகுதி ஆழமே செல்லும். அதற்கும் உள்ளேயிருக்கும் இழைகள் பட்டினி கிடக்கும். பெரிய உருண்டையின் நடுப்பகுதி இறந்து குழியாதலும் உண்டு. பரந்த இழைகளுக்கு இக்குறை இல்லை. ஆயினும் அவை பெருகப் பெருகக் குழம்பின் பாகுத்தன்மை ஏறுகிறது. குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, பிராணவாயு கரையும் வேகம் குறைகிறது.

இக்குழம்பிற்கு மேலும் ஓர் இயல்பு உண்டு. விரைந்து கலக்கும் இடத்தில் அது இளகி ஓடும். அசைவு குறைந்த இடத்தில் கெட்டியாக நிற்கும். ஆகவே கலக்கியைச் சுற்றியுள்ள பகுதி நன்கு சுழன்றுகொண்டிருக்க, சுவரோரத்துக் குழம்பு கிணற்றடிச் சேறுபோற் கிடப்பதும் நேரும். சுழலும் பகுதியில் வைத்த கருவி பிராணவாயு நிறைந்துள்ளதாகக் காட்டும். அதே வேளையில் ஓரத்திலுள்ள பூஞ்சணம் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

அடிபடும் இழைகள்

வேகத்தைக் கூட்டினால் இத்துன்பம் குறையும். ஆனால் கலக்கியின் அலகை ஒட்டிய சிறு பகுதியிலேயே சக்தியின் பெரும் பங்கு செலவாகிறது. அங்கே எழும் சிறு சுழல்கள் இழைகளை இழுத்தும் முறுக்கியும் அறுக்கின்றன. மோர் கடையும்போது மத்தை ஒட்டிய இடம் கொந்தளித்துப் பானையின் ஓரம் அமைதியாயிருப்பதைப் போன்றதே இது.

ஓர் இழைக்கற்றைக்கு நேரும் சேதம் இரண்டு காரணங்களைப் பொறுத்தது. கலக்கியின் அருகே எவ்வளவு கடுமையாக அடிபடுகிறது என்பது ஒன்று. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை அவ்விடத்தைக் கடந்து செல்கிறது என்பது மற்றொன்று. இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் பெனிசிலியம் பூஞ்சணத்தை வெவ்வேறு வடிவுள்ள கலக்கிகளால் கலக்கி ஆராய்ந்து, 1996-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அலகின் நுனிவேகத்தை மட்டும் கொண்டு இழைகளின் சேதத்தைச் சரியாகக் கணிக்க இயலவில்லை. கலக்கியைச் சுற்றியுள்ள சிறு பரப்பிற் செலவாகும் சக்தியைத் திரவம் ஒரு சுற்று வர எடுக்கும் நேரத்தால் வகுத்துக் கிடைக்கும் அளவே கலக்கிகள் பலவற்றிற்கும் பொருந்திற்று.

இழை அறுபடுவது தீமையா, நன்மையா? இதில் இருவகைக் கருத்தும் கூறப்பட்டு வந்தன. அறுபட்ட இழையிலிருந்து உயிர்ச்சாறு கசியும். அதனால் விளைச்சல் குறையும் என்றனர் சிலர். ஓர் இழை இரண்டாகி, ஒவ்வொரு துண்டும் மீண்டும் வளருமானால் நுனிகள் பெருகும். நுனிகள் பெருகினால் சுரப்பும் பெருகும் என்றனர் வேறு சிலர்.

ஒரு தெளிவான சோதனை

இவ்வினாவைத் தீர்ப்பதில் ஓர் இடையூறு இருந்தது. வேகத்தைக் கூட்டினால் இழை அறுபடுவதோடு பிராணவாயுவும் மிகுதியாகக் கரைகிறது. விளைச்சல் மாறினால் அது எதனால் மாறிற்று என்று எவ்வாறு அறிவது?

பர்மிங்காம் ஆராய்ச்சியாளர்களே இவ்விரண்டையும் பிரித்துக் காண வழி கண்டனர். 1999-ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைஸே பூஞ்சணம் 5.3 லிட்டர்க் குழம்பில் வளர்க்கப்பெற்றது. மரபணு மாற்றத்தினால் இப்பூஞ்சணம் தனக்கு இயல்பான அமைலேஸ் என்ஸைமுடன் அமைலோகுளூக்கோசிடேஸ் என்ற வேறொரு என்ஸைமையும் சுரக்குமாறு செய்யப்பட்டிருந்தது. புதிய உணவுத் திரவம் சிறிது சிறிதாகப் புகுந்தது. அதே அளவு குழம்பு வெளியேறியது. மணிதோறும் இருபதில் ஒரு பங்கு இவ்வாறு மாற்றப்பட்டதால் வளர்ச்சியின் வேகம் ஒரே நிலையில் நின்றது. கலக்கியை நிமிடத்திற்கு 550, 700, 1,000 சுற்று என மூன்று வேகங்களில் ஓட்டினர். உட்செலுத்தும் வாயுக்களின் கலவையை வேகத்திற்கேற்ப மாற்றி, கரைந்த பிராணவாயுவை எப்போதும் பூரண அளவில் 75 சதவீதமாகவே வைத்தனர். ஆக, மாறியது கலக்கும் கடுமை ஒன்றே.

விளைவு யாது? வேகம் கூடியபோது இழைகளும் இழைக்கற்றைகளும் எதிர்பார்த்தபடியே சிறுத்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் எடுத்த படங்களைக் கணிப்பொறியால் அளந்து இது உறுதிசெய்யப்பட்டது. ஆனால் இரண்டு என்ஸைம்களின் உற்பத்தியும் மாறவில்லை. 550 சுற்றில் ஒரு கன மீட்டருக்கு 2.2 கிலோவாட்டும் 1,000 சுற்றில் 12.6 கிலோவாட்டும் செலவாயின. ஏறக்குறைய ஆறு மடங்கு சக்தியைச் செலவிட்டும் புரதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதிலிருந்து இருவகைக் கருத்தினரின் அச்சமும் நம்பிக்கையும் ஒருங்கே தளர்கின்றன. பிராணவாயு குறைவற இருக்குமாயின், இப்பூஞ்சணத்தின் புரத உற்பத்தியை இழை அறுபடுதல் நேராகப் பாதிப்பதில்லை. கலக்குவதன் பயன் பிராணவாயுவைக் கரைத்துப் பரப்புவதில்தான் உள்ளது. ஆனால் இம்முடிவு எல்லாப் பூஞ்சணங்களுக்கும் பொருந்தும் என எண்ணலாகாது. உருண்டையாக வளரும் இனங்களில் உருவத்திற்கும் விளைச்சலுக்கும் நெருங்கிய தொடர்பு காணப்படுகிறது. அன்றியும் சிறிய கலத்தில் நீர்த்த குழம்பைக் கொண்டு பெற்ற முடிவை ஆலையிலுள்ள கெட்டிக் குழம்பிற்கு அப்படியே பொருத்தலும் ஆகாது.

சிறு கலமும் பெருங் கலமும்

கலக்கச் செலவாகும் சக்தி, வேகத்தின் மும்மடி விகிதத்திலும் கலக்கியின் குறுக்களவின் ஐம்மடி விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தை இருமடங்காக்கினால் சக்தி 8 மடங்காகும். அதே வேகத்தில் கலக்கியின் குறுக்களவை இருமடங்காக்கினால் 32 மடங்காகும். ஆகவே ஆய்வகத்தின் வேகத்தில் ஆலைக் கலக்கியை ஓட்டுதல் நடவாத காரியம். 6 சென்டிமீட்டர்க் கலக்கி நிமிடத்திற்கு 800 முறை சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 2.5 மீட்டர் ஓடும். 1.5 மீட்டர்க் கலக்கியோ 100 முறையே சுற்றினாலும் அதன் நுனி விநாடிக்கு ஏறக்குறைய 7.9 மீட்டர் ஓடும்.

ஆனால் ஆய்வகக் கலத்தில் திரவம் சில விநாடிகளில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. பெருங் கலத்தில் அரை நிமிடமும் அதற்கு மேலும் ஆகலாம். செறிந்த குழம்பில் பூஞ்சணம் மணிக்கு லிட்டர் ஒன்றுக்கு 1.6 கிராம் பிராணவாயுவை உட்கொள்வதாகக் கொண்டால், கரைந்துள்ள 7.5 மில்லிகிராமும் 17 விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆதலின் பெருங் கலத்தைச் சுற்றிவரும் இழை சற்று நேரம் நிறைவிலும் சற்று நேரம் வறுமையிலுமாக வாழ்கிறது. இத்தகைய ஏற்ற இறக்கம் பெனிசிலின் விளைச்சலைக் குறைக்கும் என்பது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1982-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியால் தெரியவந்தது. ஆய்வகத்தில் நன்கு விளைந்த பூஞ்சணம் ஆலையில் ஏமாற்றுவதற்கு இஃது ஒரு முக்கிய காரணமாகும்.

செலவையும் எண்ணிப் பார்ப்போம். 100 கன மீட்டர்க் குழம்பை ஒரு கன மீட்டருக்கு 2 கிலோவாட் வீதம் ஆறு நாள் கலக்கினால் 28,800 யூனிட் மின்சாரம் வேண்டும். மேற்கூறிய சோதனையின் உச்ச அளவான 12.6 கிலோவாட் வீதம் கலக்கினால் 1,81,440 யூனிட் ஆகும். அச்சக்தி முழுவதும் முடிவில் வெப்பமாகவே மாறுகிறது. பூஞ்சணம் சுவாசிப்பதால் எழும் வெப்பமும் அதனோடு சேரும். அவ்வளவையும் குளிர்நீர் கொண்டு நீக்கவேண்டும், அதற்கும் செலவு. பயனில்லாத வேகம் இருமுறை வரி விதிக்கிறது எனலாம்.

வேறு வழிகள்

வேகத்தைக் கூட்டாமலே பூஞ்சணத்தின் தேவையை நிறைவு செய்யப் பல உபாயங்கள் உண்டு. சர்க்கரை முழுவதையும் தொடக்கத்திலேயே இடாமற் சிறிது சிறிதாக ஊட்டுவது அவற்றுள் எளியது. உணவு அளவாகக் கிடைப்பதால் சுவாசமும் அளவோடு நிகழும். பிராணவாயுத் தேவை, கலம் தரக்கூடிய எல்லையைத் தாண்டாது. கலக்கியின் வடிவை மாற்றி, குழம்பு முழுவதையும் மேலிருந்து கீழாகத் தள்ளும் அகன்ற அலகுகளை இடுவது இன்னொன்று. மூன்றாவது, உருண்டை கட்டும் இனங்களின் குழம்பில் மிக நுண்ணிய கனிமப் பொடியைத் தூவுவது. 2008-ஆம் ஆண்டு முதல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் டால்க் போன்ற பொடிகளைச் சேர்த்து, உருண்டைகள் சிறுத்து என்ஸைம் பெருகுவதைக் கண்டுள்ளனர்.

கலக்கியே இல்லாத கலமும் உண்டு. பிரிட்டனில் ஃபியூசேரியம் வெனனேட்டம் என்னும் பூஞ்சணத்தை வளர்த்து, அதன் உடலையே புரத உணவாக விற்க 1985-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. அவ்வுணவு இறைச்சிபோல் நாரோடிருக்க இழைகள் நீண்டிருத்தல் வேண்டும். ஆகவே ஏறக்குறைய 50 மீட்டர் உயரமுள்ள கலத்தில் அடியிலிருந்து காற்றைச் செலுத்துகின்றனர். காற்றேறிய குழம்பு இலேசாகி ஒரு குழாயில் எழுகிறது. குமிழி நீங்கியபின் கனத்து மற்றொரு குழாயில் இறங்குகிறது. அலகின் அடியின்றியே குழம்பு ஓயாது சுற்றிவருகிறது.

நம் நாட்டிற்கு இதனாலாவது யாது?

உலகச் சுகாதார ஸ்தாபனம், யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் 1954-ஆம் ஆண்டில் புனாவுக்கு அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் அமைக்கப்பெற்றதிலிருந்து இந்தியா பூஞ்சணத் தொழிலை அறிந்துள்ளது. பிற்காலத்தில் மலிவான வெளிநாட்டுச் சரக்கின் போட்டியால் உள்நாட்டுப் பெனிசிலின்-ஜி உற்பத்தி நலிந்தது. 2020-இல் மத்திய அரசு வகுத்த ஊக்கத் திட்டத்தில் அம்மருந்தும் சேர்க்கப்பெற்று, 2024-இல் காக்கிநாடாவுக்கு அருகே அதற்கான ஆலை தொடங்கப்பட்டது. இத்தகைய தொழிலில் மின்சாரச் செலவே விலைப்போட்டியில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்று.

வைக்கோல் மற்றோர் எடுத்துக்காட்டு. பஞ்சாபிலும் அரியானாவிலும் அறுவடைக்குப்பின் வயலிலேயே எரிக்கப்படும் நெல்தாள், குளிர்காலத் தொடக்கத்தில் தில்லிவரை புகையைப் பரப்புகிறது. அத்தாளிலுள்ள செல்லுலோஸை என்ஸைம்களால் சர்க்கரையாக்கி எரிசாராயம் வடிக்கலாம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 லட்சம் டன் நெல்தாளிலிருந்து ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எதனால் எடுக்கும் நோக்குடன் அமைந்த பானிபட் ஆலை 2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. செல்லுலோஸைச் சிதைக்கும் என்ஸைம்களுக்கு டிரைக்கோடெர்மா ரீஸி என்னும் பூஞ்சணம் பேர்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் கித்தான் துணிகளை அரித்துத் தின்ற பூஞ்சணம் இதுவே. அன்று பகையாயிருந்தது இன்று பணியாளாகியுள்ளது. இதன் சிறந்த வகைகள் ஒரு லிட்டர்க் குழம்பில் 100 கிராமுக்கு மேலும் புரதம் சுரப்பதாக அறியப்படுகிறது. ஆயினும் தாளிலிருந்து எடுக்கும் எரிசாராயத்தின் விலையில் என்ஸைமின் பங்கு இன்னும் கணிசமானதே.

என்ஸைம் மலிவானால் நெல்தாளுக்கு விலை கிடைக்கும்; விலை கிடைத்தால் உழவர் அதை எரிக்கமாட்டார். ஆகவே கலக்கியின் வேகம் பற்றிய ஆராய்ச்சி ஆய்வகத்தோடு முடிவதன்று. பூஞ்சணத்திற்கு வேண்டியது மூச்சுவிடப் போதுமான பிராணவாயு. அது கலத்தின் எம்மூலையிலும் குறையாதிருத்தல் வேண்டும். அதைத் தரும் அளவிற்குக் கலக்கவேண்டும். அதற்குமேல் ஒரு சுற்றும் வேண்டா. அவ்வளவை ஒவ்வொரு பூஞ்சணத்திற்கும் ஒவ்வொரு கலத்திற்கும் அளந்தறிவதே இத்துறையில் உழைப்போரின் கடமையாகும்.